இறால் குட்டையால் வயல் உப்பாகிறது, என்ன ஆதாரம் சேர்ப்பது?

வேதாரண்யம் பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. 2022-ல் மேற்கே இறால் குட்டை வெட்டினார்கள். நடுவில் ஒரு வரப்புதான், கசிவுநீர் வாய்க்கால் கிடையாது. போன வருடம் முதல் அந்தப் பக்கத்துப் பயிர் நுனி கருகுகிறது. காய்ந்தால் மண்மேல் வெள்ளையாகப் பூக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

மண் பரிசோதனையில் மின்கடத்துதிறன் (மண்ணில் உள்ள உப்பைக் காட்டுவது) 6.1, கார அமில நிலை 7.8. ஜிப்சம் போட்டேன். அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான், என்னுடையதுபோல் உப்பு மிகுந்த உவர் மண்ணுக்கு இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. (காசு போனது போனதுதான்.) பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுதேன். மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்தது மட்டும் கொஞ்ச நாள் தாங்கியது. குட்டையில் மறுபடி தண்ணீர் ஏற்றியதும் பழைய கதை.

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-ன்படி பண்ணைக்குப் பதிவு கட்டாயம். குட்டைக்காரர் ‘இருக்கு’ என்கிறார், காட்ட மாட்டேன் என்கிறார். மனு கொடுத்து 5 மாதம், பதில் இல்லை.

சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கானது) தென்மண்டல அமர்வில் இப்படி வழக்குப் போட்டவர்கள், உப்பு குட்டையிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் கொடுத்தீர்கள்?