பயத்தை நேரே எதிர்கொண்டால்தான் வளர்ச்சியா?

அலைமகன்:
பயம் போன பிறகு செய்யலாம் என்று காத்திருப்பவர்கள் கடைசிவரை காத்திருக்கிறார்கள். செய்த பிறகுதான் பயம் போகும். உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 19 வயதில் பெண்களிடம் பேசவே கூசியவர். நியூயார்க்கின் தாவரவியல் பூங்காவுக்குப் போய் 100 பெண்களிடம் வலியப் பேச்சுக் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒருவர் மட்டும் மீண்டும் சந்திக்கச் சம்மதித்தாராம், அவரும் வரவில்லை. ஆனால் கூச்சம் விலகிவிட்டது. பழகிய வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

வேர்நிலம்:
எல்லிஸ் தானாக விரும்பிப் போனார். பிடிக்கவில்லை என்றால் எந்த நிமிடமும் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தச் சுதந்திரத்தை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சொல்கிறீர்கள். 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பீட்டர் என்ற சிறுவனுக்கு முயலைக் கண்டால் நடுக்கம். அவன் பிடித்த உணவைச் சாப்பிடும்போது முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே அதைத் தடவிக் கொடுத்தான். முதல் நாளே முயலை மடியில் போட்டிருந்தால் பயம் இன்னும் ஊறியிருக்கும்.

அலைமகன்:
அந்தக் கூண்டை நகர்த்த ஜோன்ஸ் இருந்தார், நண்பரே. பெரியவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? 'படிப்படியாக' என்று சொல்பவர்களில் பலர் முதல் படியிலேயே குடியேறிவிடுகிறார்கள். 2022இல் வூலி, ஃபிஷ்பாக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், முன்தயாரிப்பு இல்லாமல் நடிக்கப் பயிலும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் 'சங்கடப்படுவதே இன்றைய நோக்கம்' என்று சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள், துணிந்தும் நடித்தார்கள். சங்கடம் வந்தால் சரியான பாதையில் போகிறோம் என்று பொருள்.

மழைக்குறி:
அது பயிற்சி வகுப்பு. அங்கே சொதப்பினால் யாருடைய வேலையும் போகாது. நான் வேலை பார்த்த இடத்தில், 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லி ஒரு பெரிய கூட்டத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் என்னை மேடையில் நிறுத்தினார்கள். நாக்கு எழவில்லை. சிரிப்பொலி கேட்டது. அதன்பின் பேச வேண்டிய ஒவ்வொரு வாய்ப்பையும் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழித்து வருகிறேன். தள்ளிவிட்டவர்கள் யாரும் தூக்கிவிட வரவில்லை, அலைமகன்.

வேர்நிலம்:
மழைக்குறி சொல்வதுதான் என் வாதத்தின் உயிர். உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த்தின் ஆய்வுகளில், தாய் அறையில் இருக்கும்போது குழந்தை பொம்மைகளைத் தேடிப் போய் விளையாடுகிறது. தாய் வெளியேறினால் அந்த ஆர்வம் வற்றுகிறது. திரும்பி வர ஓர் இடம் இருப்பவரால்தான் தூரம் போக முடிகிறது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கையில் சேமிப்பு வைத்துக்கொண்டு வேலையை உதறுபவரும், கடனோடு உதறுபவரும் எடுப்பது ஒரே துணிச்சல் அல்ல. இரண்டாமவரிடம் 'வட்டத்தை உடை' என்று உபதேசிப்பது கொடுமை.

அலைமகன்:
கடன் விஷயத்தில் உங்களோடு மோத மாட்டேன். மழைக்குறிக்கு நடந்தது அவமானம், அதை நான் பயிற்சி என்று சொல்லவே இல்லை. ஆனால் அவர் இன்றும் ஒதுங்கியே இருக்கிறாரே! ஒதுங்கும் ஒவ்வொரு முறையும் மனம் நிம்மதி அடைகிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. மழைக்குறி, தவறாக நினைக்க வேண்டாம்: இப்போது உங்கள் கூண்டை யார் நகர்த்துவது?

மழைக்குறி:
நான்தான். அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். மேடை இப்போதைக்கு வேண்டாம்.

அலைமகன்:
கேள்வியோடு நிற்காதீர்கள். மேடைக்கும் ஒரு தேதி குறித்து வையுங்கள்.

வேர்நிலம்:
தேதியை அவர் குறிக்கட்டும், நீங்கள் குறிக்காதீர்கள்.