ஏழாங்கட்டை வீட்டில் மூன்று இரவுகள்

தூரத்து உறவினரைப் பலர் முதன்முதலாக நேரில் காண்பது கல்யாண மண்டபத்திலோ துக்க வீட்டிலோதான். அத்தகைய இடங்களில் பேச நேரம் இராது. பாதிப் பேச்சில் பந்திக்கு அழைத்துவிடுவார்கள், அல்லது பாடை கிளம்பிவிடும். எங்களுக்கு வாய்த்தது வேறு மாதிரியானது. 2024 மே மாதக் கடைசியில், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள போர்ட்டிக்சன் என்னும் கடற்கரை ஊரில், வாடகைக்கு எடுத்த ஒரே வீட்டில், முப்பத்தொரு பேர் மூன்று இரவுகள் தங்கினோம். அவர்களில் இருபத்தெட்டுப் பேரை நான் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை.

உறவு இதுதான். என் தாத்தாவின் தம்பி, அதாவது என் சின்னத் தாத்தா, 1951இல் முசிறி வட்டத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி மலாயாவுக்குப் போனார். 1958இல் ஒரே ஒரு முறை ஊருக்கு வந்து, மணம் முடித்து, மனைவியை அழைத்துக்கொண்டு திரும்பினார். அதன்பின் வரவேயில்லை, 1996இல் அங்கேயே காலமானார். நீல நிற வான்கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. 1970 முதல் 1977 வரை அவையும் நின்றுபோயின, பிறகு மறுபடி வரத் தொடங்கின. அந்த ஏழாண்டு இடைவெளிக்கு எங்கள் வீட்டில் வழங்கிய விளக்கம், "காசைக் கண்டதும் பவிசு வந்துவிட்டது" என்பதுதான். என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கண்ணை மூடும் வரை அதைத்தான் சொன்னார்.

கொரோனாக் காலத்தில் அங்குள்ள பேத்தி ஒருத்தி வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காணொளியில் கையசைத்துக்கொண்டோம். ஆனால் பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. "அங்கே மழையா, இங்கே வெயில்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாட்கள் மலேசியாவில் தங்கலாம் என்று அறிவிப்பு வந்ததும், சின்னத் தாத்தாவின் மனைவியான, எண்பத்தாறு வயதாகும் சின்ன அப்பாயி இருக்கும்போதே ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். எழுபத்திரண்டு வயதான என் அப்பா, நான், பதினான்கு வயதான என் மகன் ஆகிய மூவரும் கிளம்பினோம்.

யாருடைய வீட்டிலும் தங்காமல் கடற்கரை வீடு எடுத்ததற்குக் காரணம் உண்டு. சின்னத் தாத்தாவின் பிள்ளைகளில் பெரிய சித்தப்பா சிரம்பானில் இருக்கிறார், அத்தை கிள்ளானில், சின்னச் சித்தப்பா கோலாலம்பூரில். ஒருவர் வீட்டில் தங்கினால் மற்ற இருவருக்கும் மனத்தாங்கல் வரும். இதை யாரும் வெளியே சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது சின்ன அப்பாயி. அவரும் சின்னத் தாத்தாவும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பிழைத்த முதல் தோட்டம் லிங்கி என்னும் ஊர்ப் பக்கம், அந்தக் கடற்கரைக்கு அருகேதான் இருந்தது.

திருச்சியிலிருந்து நள்ளிரவில் கிளம்பிய விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால், விடியும் நேரத்தில் வெளியே வந்தோம். பெரிய சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். திரையில் எத்தனையோ முறை பார்த்த முகம்தான், ஆனாலும் அப்பா இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். அந்த நடை, இடக்காலைச் சற்று அகட்டி வைக்கும் அந்த நடை, அப்படியே என் தாத்தாவுடையது. அதைக் காணொளி காட்டியிருக்கவில்லை. சித்தப்பா முதலில் கேட்டது, "பசியாறிட்டீங்களா?" என்பது. காலை உணவுக்கு அங்கே அதுதான் சொல். அடுத்து, "காடியிலே ஏறுங்க" என்றார். கார் அங்கே காடிதான், பணம் வெள்ளிதான்.

இருபுறமும் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோப்புகளாக ஒரு மணி நேரம் ஓடியது. போர்ட்டிக்சன் வந்ததும், "வீடு ஏழாங்கட்டையிலே இருக்கு" என்றார். கட்டை என்பது மைல்கல். கடற்கரைச் சாலை நெடுக இடங்களுக்கு மைல் கணக்கில்தான் பெயர் வழங்குகிறது. மலேசியாவில் சாலைகள் கிலோமீட்டருக்கு மாறிப் பல காலமாகியும் கட்டை மட்டும் பேச்சில் அப்படியே இருக்கிறது.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்து அறைகள், பெரிய கூடம், கடலைப் பார்த்த அகலமான தாழ்வாரம், ஆனால் இரண்டே குளியலறைகள். இப்படிக் கூடுகை நடத்த வீடு தேடுகிறவர்கள் அறைகளை எண்ணாமல் குளியலறைகளை எண்ணுங்கள். முப்பத்தொரு பேரும் அதிகாலை ஐந்து மணிக்கே துண்டைத் தோளில் போட்டு வரிசையில் நின்றோம். உண்மையில் பாதி உறவு அந்த வரிசையில்தான் பழக்கமானது.

முதல் நாள் முழுவதும் ஒரே சிக்கல்: யார் யாரை என்ன முறை சொல்லி அழைப்பது என்பது. பிள்ளைகள் எல்லோரையும் அங்கிள், ஆண்டி என்று அழைத்தார்கள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பெரிய அட்டையை வாங்கிவரச் சொல்லி, வம்சாவளியை எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். அதைப் பார்த்துதான் என் மகனுக்குத் தெரியவந்தது, சின்னச் சித்தப்பாவின் கடைக்குட்டியான பன்னிரண்டு வயதுப் பெண் அவனுக்குச் சித்தி முறை என்று. அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அடுத்த மூன்று நாட்களும் அவனை ஐஸ் வாங்கிவரவும், ஈரத் துண்டைக் காயப்போடவும் ஏவிக்கொண்டே இருந்தாள். முணுமுணுத்தால், "சித்தி சொன்னா கேட்கணும்" என்பாள்.

அத்தை மகளை மணந்திருப்பவர் சீனர். அவரை நான் என்னவென்று அழைப்பது என்று தயங்கியபோது, சின்ன அப்பாயி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவ உனக்கு மதினின்னா அவன் உனக்கு அண்ணன், வேறென்ன?" என்றார். தோட்டத்தை ஒட்டி மளிகைக்கடை வைத்திருந்த தகப்பனுக்குப் பிறந்தவர் என்பதால் அவர் தமிழ் சரளமாகப் பேசினார். தோட்டத்துத் தமிழ், என் மகனுடைய தமிழைவிடச் சுத்தமானது. முறை முடிவானதும் இறால் உரித்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு, "வாம்மா தங்கச்சி" என்றார். இந்த முறைக் கணக்குக்கு இருக்கும் வலிமையை நான் அதுவரை உணர்ந்ததில்லை. யார் உள்ளே வந்தாலும் அதில் ஓர் இடம் ஏற்கெனவே காத்திருக்கிறது.

கடல் எங்களை ஏமாற்றியது என்றே சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துக் கடலைப் பார்த்த கண்ணுக்கு மலாக்கா நீரிணை ஏரி மாதிரிதான் இருக்கிறது. அலை என்று ஒன்றும் பெரிதாக இல்லை, தொலைவில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக நகர்கின்றன. ஆனால் மாலையில் சூரியன் கடலுக்குள் இறங்கியதைப் பார்த்து என் மகன் திகைத்துப்போனான். அவன் பார்த்த கடலெல்லாம் சூரியன் எழும் கடல்தான். "அந்தப் பக்கம் சுமத்ரா. அதையும் தாண்டிப் போனா நம்ம ஊர்க்கடல்" என்றார் சின்ன அப்பாயி.

இரண்டாம் நாள் இரவு, பிள்ளைகள் கூடத்தில் தூங்கியபின், பெரியவர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். சின்ன அப்பாயி கப்பல் கதையில் தொடங்கினார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும்; தளத்தில் பாய் விரித்து ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாதான், யாரும் எதிர்பாராத வகையில், "எழுவதுலேர்ந்து ஏன் சின்னம்மா கடுதாசி நின்னுபோச்சு?" என்று கேட்டுவிட்டார்.

அப்பாயி சொன்னதை என் சொற்களில் எழுதுகிறேன். 1957இல் மலாயா விடுதலை பெற்றபின், வெளியிலிருந்து வந்தவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழியிருந்தது. சின்னத் தாத்தா விண்ணப்பிக்கவில்லை. இரண்டொரு வருடத்தில் ஊருக்குத் திரும்பப் போகிறவனுக்கு அது எதற்கு என்பது அவர் எண்ணம். அதனால் அவரும் அப்பாயியும் சிவப்பு ஐ.சி. எனப்படும் சிவப்பு அடையாள அட்டைக்காரர்களாகவே இருந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் குடிமக்களுக்கான நீல அட்டை. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. 1969 மே மாத இனக் கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் அதுவரை சட்டத்தைப் பற்றிக் கேள்வியே படாதிருந்த தமிழர்கள் வேலையிழந்தார்கள். சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். சின்னத் தாத்தாவின் பெயரும் ஒரு நாள், வேலைக்கு ஆள் பேர் வாசிக்கும் பெரட்டுக் களத்தில் வாசிக்கப்படவில்லை. தோட்டத் தொழிலாளருக்கான லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. அதன்பின் குத்தகைக்காரர்களிடம் அரைக் கூலிக்கு, ஆய்வாளர் வரும் நாளில் காட்டுக்குள் ஒளிந்துகொண்டு, மூன்று தோட்டங்கள் மாறி மரம் சீவினார்கள்.

"அதை எப்படிக் கடுதாசியிலே எழுதறது? கடுதாசியை அங்கே ஊரே கூடிப் படிக்கும்" என்றார் அப்பாயி.

சின்னத் தாத்தாவோடு வேலையிழந்த நண்பர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். சின்னத் தாத்தாவும் கிளம்புவதாகத்தான் இருந்தார். ஊரில் தன் பங்குக்கு நாற்பது சென்ட் நிலம் இருக்கிறது, அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு மாதமும் சொல்வாராம்.

இந்த இடத்தில் அப்பா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதில் இருந்தது 1974ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் நகல். அப்பாவின் தங்கை கல்யாணத்துக்காக, பட்டா தன் பெயரில் இருந்ததால், தாத்தா தம்பிக்குச் சொல்லாமலே அந்த நாற்பது சென்ட்டையும் விற்றிருக்கிறார். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், அப்போது இருபத்திரண்டு வயதான என் அப்பா. அதை அவர் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறியிருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது.

அப்பாயி உறையை வாங்கவில்லை. "தெரியும்ப்பா" என்றார். 1976இல் ஊருக்குப் போய்வந்த ஒருவர் சொல்லிவிட்டாராம். "அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடலே. மறுநாள் வழக்கம்போல மரத்துக்குப் போயிட்டார். போக இடமில்லேன்னு ஆனப்புறம், அலைஞ்சு திரிஞ்சு அனுமதிச் சீட்டுக்கு வழி பார்த்தார்."

அப்பா சற்று நேரம் கழித்து, "எழுவத்தேழுல வந்த முதல் கடுதாசியிலே, புள்ளை புகுந்த வீட்டுலே சௌக்கியமான்னு கேட்டிருந்தார்" என்றார். "நாங்க யாரும் அவருக்குக் கல்யாணச் சேதி எழுதலே. எப்படித் தெரிஞ்சுதுன்னு ரொம்ப நாள் பேசிக்கிட்டு இருந்தோம்."

அந்தக் கடிதத்தை நானும் படித்திருக்கிறேன். அதில் நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. பெரிய சித்தப்பா அன்றிரவு ஒன்றுமே பேசாமல், கைவிளக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். மரம் சீவும் தாய்தகப்பனுக்குப் பின்னால், பத்து வயதில் இருட்டில், மரத்துப் பால் பிடிக்கும் மங்கு தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். காலையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோது, "அண்ணே, அந்தப் பத்திரத்தை எனக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுங்க" என்றார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அவர் மனைவி, என் சித்தி, மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்பாவும் அவருமாக டவுனுக்குப் போய் நகலெடுத்து வந்தார்கள். போக வர அரை மணி நேரம், காடிக்குள் என்ன பேசினார்கள் என்பது இருவருக்குமே வெளிச்சம்.

மூன்றாம் நாள் மீன் சுட்டதிலும், கடல் உள்வாங்கியபோது பிள்ளைகள் நண்டு பிடித்ததிலும் கழிந்தது. கிளம்பும்போது அப்பாயி என் கையில் ஐம்பது வெள்ளியைத் திணித்து, தாத்தா சமாதிக்கு மாலை போடச் சொன்னார். எந்தத் தாத்தா என்று கேட்டேன். "உன் தாத்தாதான், நிலத்தை வித்தவர்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இதே போன்ற பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுண்டு. ஒரு நாள் பயணமாகப் போகாதீர்கள். எங்கள் வீட்டு முதல் இரவு முழுக்க முறையும் சாப்பாடும்தான். கேட்க வேண்டியதைக் கேட்க இரண்டாம் இரவு தேவைப்பட்டது, அதைக் கேட்டபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மூன்றாம் நாள் தேவைப்பட்டது.

ஆகஸ்டில் பெரிய சித்தப்பா குழுவில் ஒற்றை வரி எழுதினார்: "அந்த நிலத்திலே இப்ப என்ன போட்டிருக்காங்க?" அப்பா மறுநாள் காலையே பேருந்தேறிப் போய், வரப்பில் நின்று நான்கைந்து படங்கள் எடுத்து அனுப்பினார். இடுப்பளவுக்குக் கோரை நின்றிருந்தது.