செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய மைனர்

தெப்பக்குளத்துக்காரி:

நாய் சேர்த்துவைத்த ஜோடி உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் உண்டா? இருந்தால் இங்கே சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது நியாயமில்லை என்பதால் எங்கள் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்களுக்குத் தெரியும், காலை ஐந்தரைக்கே அங்கே பாதி ஊர் கூடிவிடும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குளத்தில் தண்ணீர் பார்த்த நாள் குறைவு. மைய மண்டபத்தைச் சுற்றிப் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறது, காற்றும் குளிர்ச்சியாக வருகிறது. அதனால் அம்மாவையும் இழுத்துக்கொண்டு தினம் நடக்கப் போவேன். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறேன். எட்டு மணிக்குப் பஸ் பிடிக்க வேண்டும், அதற்குள் நாலு சுற்று.

அன்று ஆடி வெள்ளி. நடந்து முடித்து மாரியம்மனைக் கும்பிட்டு வெளியே வந்தால் என் வலது செருப்பு மட்டும் வாசலில் இருக்கிறது. கூட்டத்தில் யாராவது மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று அம்மா சொன்னாள். ஒற்றைச் செருப்பை யார் மாற்றிப் போடுவார்கள்? சுற்றிப் பார்த்தேன். பருத்திப்பால் வண்டிக்குக் கீழே கறுப்பாக ஒரு நாய் படுத்திருந்தது. ஒல்லி உடம்பு, நீளமான மூக்கு, இரண்டு கண்ணுக்கும் மேலே பழுப்பாகப் பொட்டு வைத்ததுபோல் புள்ளி. முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே என் இடது செருப்பு. கடிக்கவில்லை. நான் எப்போது பார்ப்பேன் என்று காத்திருந்ததுபோல் என்னையே பார்த்தது.

ஓர் அடி எடுத்து வைத்தேன். கவ்விக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றது. நான் ஓடினேன், அதுவும் ஓடியது. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு தெற்குக் கரை முழுக்க நான் ஓடியதைப் பார்க்காதவர்கள் அன்று யாருமில்லை. கன்னி வகை நாய் முயலை விரட்டிப் பிடிக்கப் பழகிய இனம். அதை நாம் விரட்டிப் பிடிக்க முடியுமா?

எதிர்ப்பக்கத்திலிருந்து கையில் வெறும் கயிற்றோடு ஒருவர் ஓடி வந்தார். “துரத்தாதீங்க, துரத்தாதீங்க! துரத்தினா விளையாட்டுன்னு நினைச்சுக்குவான்” என்று மூச்சு வாங்கச் சொன்னார். “அப்ப என்னங்க பண்றது?” என்றேன். “அங்கிட்டுத் திரும்பி உக்காந்துக்கங்க. அவனப் பாக்கவே கூடாது.”

எனக்குக் கோபம்தான். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. குளத்துச் சுற்றுச்சுவரில் இரண்டு பேரும் சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம். அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. எதிரே மைய மண்டபம், தண்ணீரில் அதன் நிழல். 1645-ல் திருமலை நாயக்கர் கட்டிய குளம் என்று பாடத்தில் படித்திருக்கிறேன், எத்தனை ஆண்டுகளாகச் சுற்றி நடந்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்து அதைப் பார்த்தது அன்றுதான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பின்னால் நகம் தரையில் படுகிற சத்தம். “திரும்பாதீங்க” என்று அவர் உதடு அசையாமல் சொன்னார். ஈரமாக ஒரு மூக்கு என் முழங்கையில் பட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த இடத்தில் செருப்பு வந்து விழுந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். “நீங்களே குடுங்க. குடுத்துட்டு வாங்கினா அடுத்த தடவை ஓடமாட்டான்.” கொடுத்தேன். பேரைக் கேட்டேன். நாயின் பேரைத்தான். மைனர் என்றார்.

அடுத்த தடவையும் ஓடினான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் ஓடினான். எப்போதும் இடது செருப்புதான், அதுவும் என்னுடையதுதான். நூறு ஜோடி கிடக்கிற வாசலில் என் செருப்பை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்று அவருக்கே புரியவில்லை. ஒவ்வொரு முறையும் நாங்கள் முதுகைக் காட்டிச் சுவரில் உட்கார வேண்டியதாயிற்று. பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. அவர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவர், கல்யாணச் சீசனில் இரவு முழுக்க வேலை, விடிந்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்பதெல்லாம் அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

புரட்டாசியில் ஒரு நாள் அம்மா கேசரி கிண்டிக் கொடுத்தாள், பள்ளியில் எல்லோருக்கும் கொடுக்க. டப்பாவைச் சுவரில் வைத்துவிட்டுச் செருப்பு வாரை மாட்டக் குனிந்தேன். நிமிர்வதற்குள் மூடி கீழே, மைனர் டப்பாவுக்குள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேசரியில் கைநிறைய உலர்திராட்சை போட்டிருந்தது. திராட்சை நாய்க்கு ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், எத்தனை தின்றால் ஆபத்து என்பதற்குச் சரியான கணக்கும் கிடையாது என்று எப்போதோ படித்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். மைனர் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, மீசையில் நெய்யோடு, ரொம்ப சந்தோஷமாக வந்தான். தின்று அரை மணிக்குள் வந்தது நல்லதாயிற்று என்று டாக்டரம்மா சொன்னார்கள். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள், திராட்சை முழுசு முழுசாக வந்தது. பிறகு குளுக்கோஸ் ஏற்றினார்கள். இருந்தாலும் மூன்று நாளுக்குச் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும், ரத்தம் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் பள்ளிக்கு லீவு சொன்னேன். என் வாழ்க்கையில் நாய்க்காகப் போட்ட முதல் லீவு.

மூன்று நாளும் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் சாப்பிடவே இல்லை. இரண்டாம் நாள் நான் வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனபோது, “இவன் போயிட்டா வீட்டுல பேசறதுக்கு ஆளே இல்லைங்க” என்றார். அவருடைய அப்பா தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது, அவருடைய அம்மாவோ பேச்சைக் குறைத்துவிட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் இந்த மனுஷனை விடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. வெளியே வரும்போது வாசலில் கிடந்த டாக்டரம்மாவின் இடது செருப்பைக் கவ்வப் போனான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “டேய் மைனரு!” என்றோம். அவர் என்னைப் பார்த்தார். கேட்க வேண்டியது எதுவும் அதற்குமேல் இல்லை.

வீட்டில் பேசிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நாங்கள் வேறு, அவர்கள் வேறு. அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நிலைமையை மாற்றியது எங்கள் அப்பத்தாதான். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், வயது எண்பத்து மூன்று. அச்சகக்காரர் ஒரு நாள் மைனரோடு வீட்டுக்கு வந்தபோது, அப்பத்தா மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. நாயின் தாடையைப் பிடித்துக் கண்ணுக்கு மேலிருக்கிற புள்ளியைத் தடவினார்கள். “கன்னியில்ல இது! எங்க காலத்துல பொண்ணுக்குச் சீரோட கன்னி நாயும் குடுத்து விடுவோம்ல. அதனாலதான் அதுக்கு அந்தப் பேருன்னு எங்க ஐயா சொல்லுவாரு. இவன் என்னடான்னா முன்னாடியே போயி மாப்பிள்ளையப் பாத்து வச்சிட்டு, பெறவு நம்ம வீட்டுக்கு வந்திருக்கான்.” அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு முறுக்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

பத்திரிகையை அவரே அவர் மெஷினில் அடித்தார். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்கிற இடத்தில் மாமன், சித்தப்பா, பங்காளி எல்லோருடைய பேருக்கும் அடியில் மைனரின் பாதத் தடம், மஞ்சள் நிறத்தில். பெரியப்பா கொஞ்சம் முணுமுணுத்தார். அப்பத்தாவின் பதில் அவருக்கும் சேர்த்து ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கோவை நடைக்காரன்:

அக்கா, படித்ததும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் எதிர்வீட்டில் ஒரு ராஜபாளையம். வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் ரோஸ். கேட் திறந்திருந்தால் நேராக என் பைக்கிடம் வரும், சீட் கவரைக் கிழிக்கும். மூன்று கவர் போயிற்று. ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் கிழித்துக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுப் பெண் ஓடி வந்து, “கத்தாதீங்க, அவனுக்குக் காது கேக்காதுங்க” என்றாள். அந்த இனத்தில் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது உண்டாம். எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது. கவர் விஷயத்தை அப்போதே விட்டுவிட்டேன்.

அவள் அவனைச் சைகையிலேயே வளர்த்திருந்தாள். உள்ளங்கை கீழே காட்டினால் உட்கார், இரண்டு விரல் கண்ணருகே வைத்தால் என்னைப் பார். இரவில் கூப்பிடுவதற்கு டார்ச்சை இரண்டு தடவை அணைத்துப் போடுவாள். நானும் எல்லாம் கற்றுக்கொண்டேன். 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டார்கள் அல்லவா, அதைத் தேடி வாங்கிச் சட்டம் போட்டு அவள் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். பேச மட்டும் தைரியம் வரவில்லை. ஒரு ராத்திரி கரண்ட் போனபோது எங்கள் மொட்டை மாடியிலிருந்து டார்ச்சை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். முதலில் நாய் படியேறி வந்தது. அதன் பின்னால் அவள் வந்தாள். வருகிற தை வந்தால் கல்யாணமாகி நாலு வருஷம்.

பெசன்ட் நகர் மாடிவீடு:

என் கதையில் கல்யாணம் இல்லை, பரவாயில்லையா? எங்கள் தெருநாய்க்குக் காது நுனி வெட்டியிருக்கும், கருத்தடை அறுவைசிகிச்சை ஆன நாய் என்பதற்கு அடையாளம். நான் ராத்திரி எட்டு மணிக்கு அவளுக்குச் சோறு வைப்பேன், பேர் லட்சுமி. ஆனால் வரவர உருண்டையாகிக்கொண்டே போனாள். நோய் ஏதாவது இருக்குமோ என்று பயந்து ஒரு நாள் பின்னாலேயே போனேன். தெரு முனையில் ஒருவர் தட்டோடு நின்று “ஜிலேபி, ஜிலேபி” என்று கூப்பிடுகிறார். எங்கள் லட்சுமி அங்கே ஜிலேபி. ஒன்பதரைக்கு இரண்டாவது சாப்பாடு. வெறிநாய்த் தடுப்பூசியும் ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டிருக்கிறோம். அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். ஒற்றைப்படை தேதி எனக்கு, இரட்டைப்படை அவருக்கு. முறை இல்லாத நாளிலும் இரண்டு பேருமே வந்து நிற்கிறோம். அதற்கு என்ன பேர் என்று இரண்டு பேருமே இன்னும் சொல்லவில்லை.

கோவை நடைக்காரன்:

மாடிவீடு அம்மா, சீக்கிரம் சொல்லிவிடுங்கள். தெப்பக்குளத்து அக்கா, ஒரு கேள்வி. மைனர் கவ்விய அந்தச் செருப்பு என்ன ஆயிற்று?

தெப்பக்குளத்துக்காரி:

பெசன்ட் நகர் கதையை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ‘முறை இல்லாத நாளிலும்’ என்கிற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

செருப்பு பற்றிக் கேட்டீர்கள். இடது செருப்பை நாலு தடவை தைத்தோம், அப்புறம் தைக்க இடமில்லை. இப்போது அது மைனர் படுக்கிற சாக்கின் மேல் கிடக்கிறது. யாரும் எடுக்க விடமாட்டான். வலது செருப்பு என் பீரோவில் இருக்கிறது, கல்யாணப் புடவைக்குக் கீழே.

பேசாமல் இருந்த என் மாமியார் இப்போது நன்றாகப் பேசுகிறார்கள். சற்று முன்பு வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். “ஏத்தா, என் இடது செருப்பக் காணாம்.” வெளியே வந்து பார்த்தால் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டு எங்களையே பார்க்கிறான். அதனால் பிறகு எழுதுகிறேன். இப்போது நாங்கள் மூன்று பேரும் தெருவுக்கு முதுகைக் காட்டித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்.