கொல்லைப்புறத்தில் ஹோமர் புறாக் கூண்டு: திட்டத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள்

கேள்வி:
வணக்கம். செங்கல்பட்டில் எங்கள் கொல்லையில், கிணற்றுக்கும் மதிலுக்கும் இடையே, 8 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரத்தில் ஹோமர் புறாக்களுக்கு (தொலைவில் விட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பும் வகை) மரச்சட்டத்தாலான கூண்டு ஒன்றைக் கட்ட இருக்கிறேன். கூரைக்குத் தகரம்; கிழக்கு முகப்பு முழுவதும் கோழிவலை. முன்பு தரையோடு வைத்திருந்த சிறு கூண்டில், மழை பெய்த இரவொன்றில் பெருச்சாளி மண்ணைத் தோண்டி நுழைந்து நான்கு குஞ்சுகளைக் கொன்றுவிட்டது. காலையில் தாய்ப்புறா வெறும் மண்சட்டியில் அடைகாப்பதுபோல் அமர்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்த அளவில் எத்தனை புறாக்கள் வளர்க்கலாம்? சென்னையில் ஒருவரிடம் மூன்று ஜோடி வளர்ந்த புறாக்களுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். எத்தனை நாள் அடைத்து வைத்தபின் திறந்துவிடலாம்?

மறுமொழி 1:
ஐயா, கூண்டின் தளத்தை மண்ணிலிருந்து இரண்டரை அடியாவது உயர்த்துங்கள். அடியில் எதையும் அடுக்கி வைக்காமல் வெளிச்சமாக விட்டால் எலியும் பெருச்சாளியும் தங்காது. கோழிவலையின் கண் பெரிது, எலியும் பாம்பும் புகுந்துவிடும். ஆகவே அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) போடுங்கள். கிழக்கு முகப்பு காலை வெயிலுக்கு நல்லது என்றாலும், ஐப்பசி கார்த்திகையில் சாரல் அந்தப் பக்கமிருந்தே அடிக்கும் என்பதால், கீழ்ப்பாதியைப் பலகையால் அடைத்து, மேற்பாதிக்கு மட்டும் வலை போட்டு, கூரையை இரண்டடி வெளியே நீட்டுங்கள். சித்திரை வெயிலுக்குத் தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்வது அவசியம். சூடான காற்று வெளியேறப் பின்சுவரில் கூரையை ஒட்டி இடைவெளியும் வேண்டும்.

ஒரு புறாவுக்கு 8 கன அடி என்ற வழக்கமான கணக்கின்படி உங்கள் 288 கன அடிக்கு 36 வரும். நான் 20-இல் நிறுத்திக்கொள்வேன். நெருக்கடியில் எச்சம் காயாது. ஈரம் நின்றால் நோய் விரைவில் பரவும். காலையில் தளத்திலிருந்து சிறிது எச்சத்தைக் குச்சியால் அழுத்திப் பாருங்கள்: பொடியாக உதிர்ந்தால் காற்றோட்டம் சரி. சுரண்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்; அந்தத் தூசி நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும்.

மறுமொழி 2:
அண்ணா, அந்த மூன்று ஜோடிகளையும் தயவுசெய்து திறந்துவிடாதீர்கள். பழைய கூட்டில் பறந்து பழகிய ஹோமர், மாதக்கணக்கில் அடைத்து வைத்தாலும் பெரும்பாலும் அங்கேதான் திரும்பும். சென்னை அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்புதான். அவற்றை உள்ளேயே இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டு, அவற்றின் குஞ்சுகளைப் பறக்கப் பழக்குங்கள். முட்டை ஏறத்தாழ 18 நாளில் பொரிக்கும். நான்கு வாரம் ஆனதும் குஞ்சைப் பிரித்து, இறங்குபலகையின் மேல் வைத்த வலைப்பெட்டியில் ஒரு வாரம், தினமும் சிறிது நேரம் விட்டால், கிணறு, மதில், தென்னை எல்லாம் அதற்குப் பழகிவிடும். பிறகு ஒரு மாலையில், தீனி வைக்கும் முன் பசியோடு திறந்துவிட்டு, தினமும் தீனிக்கு அடிக்கும் அதே விசிலை அடியுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நல்லவேளையாக இன்னும் மரம் வாங்கவில்லை. அப்படியானால் ஜோடிகளுக்கும் குஞ்சுகளுக்கும் நடுவே தடுப்பு வேண்டுமா?

மறுமொழி 2:
கட்டாயம் வேண்டும், அண்ணா. குஞ்சுகளின் பகுதிக்கு மட்டும், உள்ளே வரலாம் வெளியே போக முடியாது என்கிற டிராப் கதவை வையுங்கள். ஜோடிகளின் பகுதிக்கு வெளிவாசலே வேண்டாம்; வெயில் காய முகப்பில் ஒரு வலைத்திண்ணை இருந்தால் போதும்.