புதுப்பிப்பு: புப்ரெனார்ஃபின் எடுத்தும் மதியத்துக்குள் வியர்வை, கொட்டாவி - காரணம் தெரிந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஓபியாய்டு (அபின் வகைப் போதைப்பொருள்) பழக்கத்திலிருந்து மீண்டு தொழிற்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு, அதற்கான சிகிச்சை மருந்தான புப்ரெனார்ஃபின் மாத்திரை எடுத்தும் மதியத்துக்குள் வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல் வருகிறதே, அளவு போதவில்லையா என்று கேட்டிருந்தேன்.

"நாக்கடியில் முழுசாகக் கரைகிறதா பாருங்கள்" என்ற பதில்தான் சரி. வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் பாதியிலேயே விழுங்கியிருக்கிறார்கள். வயிற்றுக்குப் போனால் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும். இப்போது வாயைத் தண்ணீரால் நனைத்து, மாத்திரையை நாக்கடியில் வைத்து, 5-10 நிமிடம் பேச்சே கிடையாது, எச்சிலும் விழுங்குவதில்லை. வகுப்பை 15 நிமிடம் தள்ளிவைத்தோம். அளவைக் கூட்டாமலே தொந்தரவு நின்றது, மருத்துவரிடமும் சொல்லியாயிற்று.

எதிர்பாராதது பல் கூச்சம். மருந்து அமிலத்தன்மை உள்ளது. கரைந்தபின் தண்ணீரை வாயில் சுழற்றி விழுங்கி, குறைந்தது 1 மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும்.