ஹீத்ரோவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு ஆறு பேர்: பஸ்ஸா, வேனா, ரயிலா?

நங்கநல்லூர்வாசி:

வணக்கம். வரும் செப்டம்பரில் என் தம்பிக்கு ஆக்ஸ்போர்டில் பட்டமளிப்பு விழா. ஷெல்டோனியன் அரங்கில் அவன் அங்கி அணிந்து நிற்பதை அப்பா கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகவே குடும்பத்தோடு கிளம்புகிறோம். அப்பாவுக்கு 74 வயது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்திருக்கின்றன. சமதரையில் மெல்ல நடப்பார். படி ஏறவோ இறங்கவோ யாராவது கை கொடுக்க வேண்டும். அவரோடு அம்மா, நான், என் கணவர், ஏழு வயது மகள், இரண்டு வயது மகன். பெரிய பெட்டிகள் ஆறு, குழந்தையின் தள்ளுவண்டி ஒன்று.

சென்னையிலிருந்து நேரடி விமானம். மதிய வேளையில் ஹீத்ரோவில் இறங்குகிறோம். தங்குவதற்குத் தம்பி ஜெரிக்கோ பகுதியில் ஒரு வீடு பிடித்திருக்கிறான். என் கணவர் வாடகைக்குக் கார் எடுத்துத் தாமே ஓட்டலாம் என்கிறார். தம்பி பஸ்தான் சிறந்தது என்கிறான். எனக்கு விலை இரண்டாவது கவலைதான். அப்பாவை எங்கும் நிற்க வைக்காமல், குழந்தைகளை அழவிடாமல், வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த வழியில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர் தாத்தா:

அம்மா, என் மகள் ஆக்ஸ்போர்டின் ஹெடிங்டன் பகுதியில் குடியிருக்கிறாள். நானும் என் மனைவியும் எப்போதும் பஸ்ஸில்தான் போகிறோம். ஹீத்ரோவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு 'தி ஏர்லைன்' என்ற நேரடி கோச் பஸ் இரவு பகல் என்று பார்க்காமல் ஓடுகிறது. ஐந்தாம் முனையத்திலும், இரண்டு மற்றும் மூன்றாம் முனையங்களுக்குப் பொதுவான மத்தியப் பஸ் நிலையத்திலும் ஏறலாம். நான்காம் முனையத்தில் இறங்கினால் மத்தியப் பகுதிக்கு ரயிலில் இலவசமாக வரலாம். பெட்டிகள் பஸ்ஸின் அடிவயிற்றுக்குள் போய்விடும். பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம். நம் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம்தான்.

குடியேற்றச் சோதனை வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேன் சொல்லியிருந்தால் வெளியே ஓட்டுநர் காத்திருக்கிறாரே என்று உள்ளே நின்று தவிப்போம். பஸ் என்றால் அந்தத் தவிப்பு இல்லை, ஒன்று போனால் அடுத்தது வரும். இன்னொரு காரணமும் உண்டு. ஹெடிங்டன் மேட்டிலிருந்து இறங்கி, மாட்லின் பாலத்தைக் கடந்து, மாட்லின் கல்லூரிக் கோபுரத்தை ஒட்டி ஹை ஸ்ட்ரீட்டுக்குள் பஸ் நுழையும்போது இரு பக்கமும் கல்லூரிகள் எழுந்து நிற்கும். ஓர் ஆசிரியர் அந்த ஊருக்குள் நுழைய அதைவிட நல்ல வழி கிடையாது. உங்கள் அப்பாவை ஜன்னல் ஓரமாக உட்கார வையுங்கள்.

வேளச்சேரி அம்மா:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பஸ் ஊர் நடுவில் உள்ள குளோஸ்டர் கிரீன் பஸ் நிலையத்தோடு நின்றுவிடும். ஜெரிக்கோ அங்கிருந்து பக்கம்தான், பத்துப் பதினைந்து நிமிட நடை. அந்தப் பதினைந்து நிமிடத்தை ஆறு பெட்டி, தள்ளுவண்டி, தேய்ந்த முழங்கால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் இரண்டு வயதுப் பிள்ளை ஆகியவற்றோடு நினைத்துப் பாருங்கள். கடிகாரத்தில் மதியமாக இருக்கும், உடம்புக்கு மாலையாகியிருக்கும். செப்டம்பரில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். கோச் பஸ்ஸின் வாசல்படியும் உயரம்.

முன்பதிவு செய்த எட்டு இருக்கை வேன்தான் உங்களுக்குச் சரி. எட்டு இருக்கை என்றால் எட்டுப் பேரும் எட்டுப் பெட்டியும் ஏறும் என்று எண்ண வேண்டாம். எல்லா இருக்கையிலும் ஆள் உட்கார்ந்தால் பின்னால் கைப்பைக்குத்தான் இடம் இருக்கும். ஆறு பேர், இத்தனை பெரிய பெட்டி, ஒரு தள்ளுவண்டி என்று எழுத்தில் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள். விமான எண்ணைக் கொடுங்கள். எவ்வளவு நேரம் கட்டணமின்றிக் காத்திருப்பார்கள், அந்த நேரம் எப்போதிலிருந்து கணக்காகிறது என்று கேளுங்கள். ஐயா சொன்ன தவிப்புக்கு மருந்து அந்தக் கேள்விதான்.

குழந்தை இருக்கை பற்றி அழுத்திச் சொல்கிறேன். பிரிட்டனில் 12 வயது ஆகும் வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வரும் வரை, இரண்டில் எது முன்னதோ அதுவரை காரில் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு விலக்கு உண்டு: ஓட்டுநரிடம் ஏற்ற இருக்கை இல்லையென்றால் குழந்தையைப் பின்னிருக்கையில் கூட்டிப் போகலாம், மூன்று வயது நிறைந்த குழந்தை மட்டும் பெரியவர்களுக்கான சீட் பெல்ட் போட வேண்டும். இதைச் சொல்லி இருக்கை தராமல் தட்டிக்கழித்த ஒரு நிறுவனத்தை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் விட்டுக்கொடுக்கிறது என்பதற்காக நெடுஞ்சாலையில் மகனை மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இரு குழந்தைகளின் வயது, எடை, உயரம் மூன்றையும் முன்பதிவிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் இங்கிருந்தே இருக்கை கொண்டுபோக முடியுமா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

வருகைக் கூடத்தில் யாராவது வந்து 'டாக்ஸி வேண்டுமா' என்று கேட்டால் நிற்காதீர்கள். அங்கே தனியார் வாடகை வண்டி முன்பதிவின்றி ஆள் ஏற்றக் கூடாது. உங்கள் பெயர்ப் பலகை பிடித்திருப்பவரிடம் மட்டும் போங்கள்.

பெரம்பூர் ரயிலடி:

ரயில் என்றால் எனக்கு உயிர். இருந்தும் இந்தப் பயணத்துக்கு ரயிலைப் பரிந்துரைக்க மாட்டேன். ஹீத்ரோவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு நேரடி ரயில் கிடையாது. லண்டன் பாடிங்டன் வரை போய் மாற வேண்டும். அல்லது ஹேஸ் அண்ட் ஹார்லிங்டனிலும் ரெடிங்கிலும் மாற வேண்டும். ரெடிங் வரை பஸ்ஸில் போய் அங்கே ரயில் பிடிக்கும் வழியும் உண்டு. எந்த வழியானாலும் ஆறு பெட்டிகளையும் மறுபடி இறக்கி ஏற்ற வேண்டும்.

ரயிலை லண்டன் பார்க்கப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டிலிருந்து பாடிங்டனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். உங்கள் மகளுக்கு ஏழு வயது என்பதால் 'ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' சலுகை அட்டை பயன்படும்: நான்கு பெரியவர்கள் வரை மூன்றில் ஒரு பங்கு குறைவு, குழந்தை டிக்கெட்டில் 60 சதவீதம் குறைவு. காலை நெரிசல் நேரத்தில் செல்லாத டிக்கெட்டுகள் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: இந்திய உரிமத்தில் ஓராண்டு வரை அங்கே கார் ஓட்டலாம், நம்மைப் போலவே இடப்பக்கம்தான். ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வந்தவர், இறங்கிய கையோடு லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 நெடுஞ்சாலையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓட்டுவது வேண்டாம். ஆக்ஸ்போர்டின் ஹை ஸ்ட்ரீட்டில் பகல் வேளையில் சொந்தக் கார் நுழையவும் முடியாது. ஊருக்கு வெளியே காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் உள்ளே வருவதற்கென்றே ஐந்து இடங்கள் வைத்திருக்கிறார்கள்.

நங்கநல்லூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாட்லின் பாலம் என்றதும் பஸ்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். எனக்கோ வேளச்சேரி அம்மா சொன்ன கடைசிப் பதினைந்து நிமிடம்தான் மனத்தில் நிற்கிறது. எனவே போகும்போது வேன், இரண்டு குழந்தை இருக்கைகளோடு. திரும்பும்போது பஸ், தம்பியும் கூட வருவான், பெட்டிகளும் குறைந்திருக்கும். கணவர் கார் யோசனையை விட்டுவிட்டார்.

ஜி.யு. போப் ஆக்ஸ்போர்டில்தான் அடக்கமாகியிருக்கிறார் என்று அப்பா சொல்கிறார். மெரினாவில் அவர் சிலையைக் கடக்கும்போதெல்லாம் நின்று பார்ப்பவர். அந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

அம்பத்தூர் தாத்தா:

நல்ல முடிவு அம்மா. போப் 1908இல் மறைந்தார். செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அது உங்கள் ஜெரிக்கோவிலேயே, வால்டன் தெருவை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருக்கிறது. உள்ளே புல்தரை மேடுபள்ளமாக இருக்கும், அப்பாவுக்குக் கைத்தடி அவசியம். மழை விட்ட உடனே போக வேண்டாம்.

விமான நிலையத்தில் அவருக்குச் சக்கர நாற்காலி உதவி இலவசம். 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள், திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து. நெய் டப்பாவும் பால்கோவாவும் எடுத்துப் போகாதீர்கள், பால் பொருளும் இறைச்சியும் நம் நாட்டிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை. திரும்பும் நாளில் மனம் மாறி வேன் வைத்தால், முனைய வாசலில் இறக்கிவிடுவதற்கு 2021 முதல் ஒரு கட்டணம் இருக்கிறது. அது வாடகையில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். பஸ் என்றால் எம்40 சாலை நெரிசலுக்காக, நீங்கள் நினைத்ததற்கு முந்தைய வண்டியைப் பிடியுங்கள்.