வங்கதேச வங்கித் திருட்டு ஆவணப்படம்: பிரிண்டர் ஓடாதது அவ்வளவு பெரிய விஷயமா?

கார்த்தி_மதுரை:
2016இல் வங்கதேச மத்திய வங்கியில் நடந்த திருட்டு பற்றிய ஆவணப்படம் பார்த்தேன். மின்னஞ்சல் வழியாக உள்ளே புகுந்தது வரை புரிந்தது. ஆனால் பிரிண்டர் பழுதானதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? அப்புறம், 95 கோடி டாலருக்குக் குறி வைத்தவர்களுக்கு 8.1 கோடிதான் மிஞ்சியதாமே, எப்படி? வங்கியில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய_ஃபாரெக்ஸ்காரன்:
நான் அந்நியச் செலாவணிப் பிரிவில் ஸ்விஃப்ட் (வங்கிகள் தங்களுக்குள் பண உத்தரவுச் செய்திகள் அனுப்பும் வலையமைப்பு) மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன் தம்பி. காலையில் போனதும் முதல் வேலை, இரவு போன, வந்த செய்திகளின் தாள்களை எடுத்துக் கணக்கோடு ஒப்பிட்டு டிக் போடுவதுதான். திரையில் இருப்பதை மாற்றலாம், அழிக்கலாம். தட்டில் விழுந்த தாளைக் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு அழிக்க முடியாதே! அதனால்தான் பிரிண்டரையே முடக்கினார்கள். பிப்ரவரி 5 காலை டாக்காவில் தாள் வரவில்லை. பிரிண்டர் மக்கர் செய்யாத ஆபீஸ் எங்கே இருக்கிறது? சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஊழியர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வெளியாள் உள்ளே புகாமல் தடுக்கும் ஃபயர்வால்கூட இல்லாமல் மத்திய வங்கியை நடத்திய மேலிடத்தைத்தான் கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால், நிரல் எழுதியவனைவிட நாள் குறித்தவன் கெட்டிக்காரன். வங்கதேச வங்கியின் டாலர் கணக்கு இருந்தது நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில். அங்கிருந்து பணத்தை அனுப்பச் சொல்லி வியாழன் இரவு உத்தரவுகளை அனுப்பினார்கள். டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை. அவர்கள் சுதாரிக்கும்போது நியூயார்க்கில் வார இறுதி. திங்கள், பிப்ரவரி 8, சீனப் புத்தாண்டு என்று, பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் வங்கி விடுமுறை. ‘பணத்தை நிறுத்துங்கள்’ என்று டாக்கா அனுப்பிய செய்தி அங்கே சும்மா கிடந்தது. செவ்வாயன்று பணம் வெளியே போய்விட்டது.

போன உத்தரவுகள் 35, நிறைவேறியவை ஐந்து. மிச்சம் நின்றது குருட்டு அதிர்ஷ்டம்தான். பணம் போக வேண்டிய வங்கிக் கிளை மணிலாவின் மக்காட்டி பகுதியில் ஜூபிடர் தெருவில் இருந்தது. ஈரான் மீதான அமெரிக்கத் தடைப் பட்டியலிலும் ‘ஜூபிடர்’ என்று ஒரு பெயர் இருந்ததால் நியூயார்க்கில் கணினி பிடித்துவைத்தது.

கார்த்தி_மதுரை:
ஓ! அப்போ அந்த 8.1 கோடிக்குத் தடம் இருக்குமே சார்?

பழைய_ஃபாரெக்ஸ்காரன்:
வங்கி வரை இருந்தது. அதற்கு மேல் சூதாட்ட விடுதி. பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் அப்போது பிலிப்பைன்ஸ் சூதாட்ட விடுதிகள் வரவில்லை, 2017இல்தான் சேர்த்தார்கள். சில்லு வாங்கி, ஆடி, திரும்பக் காசாக்கினால் யார் பணம் என்று எவன் கேட்பான்? சூதாட்டத் தரகர் ஒருவர் சுமார் 1.5 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தார். 2019இல் அந்தக் கிளை மேலாளருக்குத் தண்டனை கிடைத்தது.

கொழும்பு_ரவி:
அண்ணா, எங்கட பக்கத்தை விட்டிட்டீங்களே. நிறைவேறின ஐந்தில ஒன்று, 2 கோடி டாலர், இலங்கையில ஒரு அறக்கட்டளை பெயருக்கு வந்தது. பெயரில எழுத்துப் பிழை என்று இடையில இருந்த டொய்ச்ச வங்கி விளக்கம் கேட்டது. இஞ்ச இருந்த வங்கிக்கும் தொகையைப் பார்த்துச் சந்தேகம். காசு முழுக்கத் திரும்பிப் போயிற்று.

பழைய_ஃபாரெக்ஸ்காரன்:
நல்ல வேளை சொன்னீர்கள் ரவி. தொகையைப் பார்த்து ‘இது என்ன?’ என்று கேட்ட அந்த ஆட்களைத்தான் படம் எடுத்திருக்க வேண்டும். டாக்காவில் மத்திய வங்கி ஆளுநர் மார்ச் 15 அன்று பதவி விலகினார். நிதியமைச்சருக்கே விஷயம் தாமதமாகத்தான் தெரிந்தது, அதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.